சில குழந்தைகள் பிறரைக் கொடுமைப்படுத்துவது ஏன்?

எளிதில் எதிர்க்க முடியாத குழந்தையை, வலிமை மிகுந்த ஒருவரோ குழுவோ வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் துன்புறுத்துவதே கொடுமைப்படுத்துதல். 1970களில் இதை முறையாக ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வியஸ், முன்கோப இயல்போடு அரவணைப்புக் குறைவு, அத்துமீறலைக் கண்டிக்காத வளர்ப்பு, அடி உதை ஆகியவற்றையும் காரணங்களாகக் கண்டார்.

இரண்டு, மூன்று வயதில் அடிப்பதும் தள்ளுவதும் இயல்பே. பேச்சு வளர வளர, பெரும்பாலான குழந்தைகள் கோபத்தைச் சொல்லால் வெளிப்படுத்தப் பழகுகிறார்கள். வீட்டில் உரையாடலும் ஆறுதலும் குறைந்தால் இப்பழக்கம் தாமதமாகலாம். அடித்தால் கேட்டது கிடைக்கும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்றால் முரட்டுத்தனம் நிலைத்துவிடும்.

இவை வாய்ப்பைக் கூட்டும் காரணிகளே. எந்தக் குழந்தையின் முடிவையும் தீர்மானிப்பவை அல்ல. 1983இல் நார்வேயில் தொடங்கிய ஓல்வியஸின் திட்டம், தெளிவான விதிகளும் ஆசிரியர்களின் கண்காணிப்பும் பெற்றோரின் பங்கேற்பும் இக்கொடுமையைப் பெருமளவு குறைக்கும் என்று காட்டியது.