மரம் தூக்கும் மரம்

ஏட்டில் உறையும் அறிவைப் போற்றும் நாம், கருவியில் உறையும் அறிவைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெட்டி வீழ்த்திய மரத்தைத் தரையினின்று உயர்த்துவதற்கு எளிய தச்சர் ஒருவரே செய்துகொள்ளத்தக்க நெம்புகோல், அவ்வறிவுக்குத் தக்க சான்றாகும்.

மண்ணில் கிடக்கும் மரத்தை அப்படியே அறுத்தால் வாளின் பற்கள் மழுங்கும். நாள்பட்டால் கறையான் ஏறும். வெறுங்கையால் தூக்க முற்பட்டாலோ இடுப்பு முறியும். மரம் உருண்டால் காலும் நசுங்கும். ஒன்றரை அடிக் குறுக்களவும் 10 அடி நீளமும் உடைய மரம் ஏறத்தாழ 450 கிலோ நிறையுடையது. ஒருமுனையை மட்டும் உயர்த்த 225 கிலோ விசை வேண்டும். அது தனியொருவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

கருவியின் அமைப்பு எளியது. 3 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள தடித்த அடிப்பலகையில், 5 அங்குல இடைவெளியில் 2 அடி உயரமுள்ள இரு கால்களை நாட்ட வேண்டும். கருவேலம் போன்ற வன்மரம் இதற்கு ஏற்றது. கால்களில் 3 அங்குலத்திற்கு ஒன்றாக நேரெதிர்த் துளைகளிட்டு, ஓர் இரும்புக் கம்பியைக் குறுக்கே செருக வேண்டும். அக்கம்பியே தாங்குபுள்ளி. வெடிப்பற்ற, நேரான 10 அடிச் சவுக்குக் கழியை அதன்மேல் வைத்து, சீவிய நுனி 1 அடி முன்னே நீண்டு மரத்தின் அடியிற் புகுமாறு செய்ய வேண்டும். கழியின் பருமன் 4 அங்குலத்திற்குக் குறைதலாகாது.

முன்கை 1 அடி, பின்கை 9 அடி. ஆதலால் 225 கிலோவை உயர்த்த 25 கிலோ அழுத்தமே போதும். ஆயினும் மரம் 3 அங்குலம் உயர, நம் கை 27 அங்குலம் இறங்க வேண்டும். விசையில் பெறும் ஆதாயத்திற்குத் தொலைவில் விலை கொடுக்கிறோம். இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை!

ஒவ்வொரு முறை உயர்ந்ததும் மரத்தின் அடியில் கட்டை வைத்து, கம்பியை அடுத்த துளைக்கு மாற்ற வேண்டும். உருளாதிருக்க இருபுறமும் முட்டுக்கட்டை இடுதல் இன்றியமையாதது. 'முட்டுக்கட்டை போடுதல்' என்பதை இன்று பழிச்சொல்லாகவே வழங்குகிறோம். மரம் தூக்குவோர்க்கோ அதுவே உயிர்க்காப்பு. கழியின் நேர்மேலே குனிந்து நிற்றலும், உயர்ந்த மரத்தின் அடியில் கைவிடுதலும் ஆகா.

இவ்விசைநெறியை அரபு அறிஞர்கள் 'இல்முல் ஹியல்' என்னும் துறையாகவே வளர்த்தனர். அல்ஜஸரி 1206-இல் நிறைவுசெய்த பொறிநூல் அத்துறையின் புகழ்மிக்க படைப்பாகும். ஏட்டுக்கல்வி பெறாத உழைப்பாளரும் அந்நெறியைக் கைப்பழக்கத்தால் கண்டறிந்தனர். 'உரு' எனும் மரக்கலங்கள் கட்டப்படும் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரின் மாப்பிளைக் கலாசிகள், கயிறு, கப்பி, மரச் சுழலுருளை ஆகியவற்றைக் கொண்டே பெரும் பாரங்களை நகர்த்துவதில் பெயர் பெற்றவர்கள். 1988 ஜூலை 8-இல் கொல்லம் அருகே பெருமண் பாலத்தினின்று ஐலண்டு எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மூழ்கிய பெட்டிகளை மீட்கும் பணிக்கு அக்கலாசிகளின் கைத்திறனும் துணைநின்றது. ஒருவர் முன்பாட, ஏனையோர் பின்பாடி, ஒரே கணத்தில் இழுப்பதே அவர்தம் முறை. கருவி விசையைப் பெருக்கும். ஒற்றுமையே அதனை நெறிப்படுத்தும்.

பாரந்தூக்கிப் பொறிகள் பெருகிய இந்நாளில் நெம்புதல், ஆப்பு, கப்பி, முட்டு முதலிய சொற்களும் அவற்றைக் கையாண்டோரும் ஒருங்கே மறைந்து வருகின்றனர். மாணவர்கள் தத்தம் ஊர்த் தச்சரிடமும் மரமறுப்போரிடமும் சென்று, கருவிகளின் பெயர்களையும் செய்முறைகளையும் கேட்டுப் பதிவு செய்வார்களாயின், அது தமிழுக்கும் உழைப்போர்க்கும் ஒருசேர ஆற்றும் தொண்டாகும். அத்தொண்டினை நம் துறையிலிருந்தே தொடங்குவோமாக!