துளைப்பான் முந்தியது, சோதனை பிந்தியது

பாறையைத் துளைப்பதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒரே நாளில் பல நூறு அடி இறக்கிவிடும். மேலே வரும் தண்ணீரைக் குடிக்கலாமா என்று சொல்லும் கருவிதான் அந்த வண்டியோடு வருவதில்லை. இதற்குப் பெரும் விலை கொடுத்த நாடு வங்கதேசம். குளத்து நீரின் கிருமிகளிலிருந்து மக்களைக் காக்க 1970-களில் அங்கே ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நிறமோ மணமோ சுவையோ இல்லாத ஆர்செனிக் அந்த நீரில் கலந்திருப்பது 1993-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறு தோண்டியவர்களின் நோக்கத்தில் பிழையில்லை; சோதனை இருபதாண்டு பிந்தியதுதான் பிழை.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியில் சுவிட்சர்லாந்துக்கு முக்கியப் பங்கு உண்டு. சூரிச்சை அடுத்த டூபெண்டோர்ஃபில் உள்ள ஏவாக் நீர் ஆய்வு நிறுவனம், வியட்நாம் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஹனோய் பகுதிக் கிணறுகளைச் சோதித்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டது. சில கிணறுகளில் ஆர்செனிக் லிட்டருக்கு 3,050 மைக்ரோகிராம் வரை இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. இத்தனை கிணற்று நீரையும் ஆய்வகத்துக்குச் சுமப்பது நடக்கிற காரியமா? களத்தில் பயன்படும் ரசாயனத் தாளோ பாதரசம் கலந்தது, குறைந்த அளவுகளில் தடுமாறுவது. அப்போது ஏவாக்கிலிருந்த யான் ரூலோஃப் வான் டெர் மேர் குழு ஒரு பாக்டீரியாவையே கருவியாக்கியது. ஆர்செனிக் உள்ளே நுழைந்தால் விழித்துக்கொள்ளும் தற்காப்பு மரபணு சில பாக்டீரியாக்களுக்கு இயல்பாகவே உண்டு. அதன் விசையோடு ஒளி உமிழும் மரபணுவை இணைத்தார்கள். நஞ்சு கூடக்கூட ஒளியும் கூடும். ஒளிமானி அதை எண்ணாகச் சொல்லிவிடும்.

மரபணு மாற்றிய நுண்ணுயிரைக் கிராமத்துக்குள் கொண்டுபோகலாமா என்ற கேள்வி நியாயமானது. பயன்படுவது நோய் தராத ஆய்வக வகை. மூடிய குப்பிக்குள் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடலாம். துல்லியம் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. வியட்நாமின் 194 மாதிரிகளில் நடத்திய சோதனை 2005-இல் வெளியானது. கெட்ட நீரை நல்ல நீரென்று காட்டிய பிழை அதில் 8 விழுக்காடு. சிறிய குறையல்ல. ஆனால் இதை ஒப்பிட வேண்டியது ஆய்வக இயந்திரத்தோடு அல்ல. களத்தில் இருந்த ரசாயனத் தாள் இதைவிட மிகவும் பின்தங்கியிருந்தது, பெரும்பாலான கிணறுகளுக்கோ எந்தச் சோதனையும் இல்லை. முதல் சோதனையைக் கிணற்றடியில் செய்து, ஐயமானதை ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரியான வேலைப் பிரிவு.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் நம் சிக்கல் ஃப்ளோரைடு. அதற்கு இந்தப் பாக்டீரியா உதவாது. ஆனால் துளையும் சோதனையும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பது இங்கும் பொருந்தும். போர்வெல் போடச் செலவு செய்பவர்கள், குடிக்கத் தொடங்கும் முன் ஒரு பாட்டில் நீரை மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.