தூரத்துக் கணினியின் வாசலில்

ஹட்டனில் இருந்தபடியே கொழும்பில் உள்ள ஒரு கணினியில் வேலை செய்ய முடியுமா? முடியும். அதற்கான பழைய வழிகளுள் ஒன்று, 1969 இல் அர்ப்பாநெட் வலையமைப்பில் தோன்றிய டெல்நெட். இன்று அதைப் பயன்படுத்துவோர் குறைவு. ஆயினும் அதன் குறையை அறிந்தால், கடவுச்சொல்லை ஏன் காக்க வேண்டும் என்பது தெளிவாகும். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

அக்காலத்தில் மேசைதோறும் கணினி இருக்கவில்லை. திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்ட முனையங்களே இருந்தன. பல முனையங்களின் கம்பிகள் வந்து சேரும் பெட்டிக்கு டெர்மினல் சேர்வர் என்று பெயர். அதை நமது ஹட்டன் பஸ் நிலையத்துக்கு ஒப்பிடலாம். எந்தத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தாலும், அங்கிருந்து மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறலாம். அதுபோல, அந்தப் பெட்டியிலிருந்து பல கணினிகளுக்குப் போகலாம்.

'டெல்நெட்' என்று தட்டி, இடைவெளி விட்டு, போக வேண்டிய கணினியின் பெயரை எழுதி என்டர் விசையை அழுத்த வேண்டும். அழைப்பு அக்கணினியின் 23 ஆம் இலக்க வாசலுக்குச் செல்லும். அது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். சரியாக இருந்தால் உள்ளே விடும். பிறகு நாம் தட்டும் எழுத்துகள் அங்கே போகும். வேலை அங்கே நடக்கும். விடை நம் திரைக்கு வரும். சிஸ்கோ கருவிகளில் கொன்ட்ரோல், ஷிப்ட், 6 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி விட்டு, எக்ஸ் விசையைத் தட்டினால், தொடர்பு அறாமலே பெட்டிக்குத் திரும்பி இன்னொரு கணினியை அழைக்கலாம். வேலை முடிந்ததும் முறைப்படி வெளியேற வேண்டும். அப்படியே எழுந்து போனால், அடுத்து வந்து அமர்பவர் நம் பெயரிலேயே வேலை செய்யலாம்.

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்று சூரா அந்நூர் நமக்குக் கற்பிக்கிறது. கணினியிடம் கடவுச்சொல் சொல்வதும் அனுமதி கேட்பதே. ஆனால் டெல்நெட் அதைத் தபாலட்டையில் எழுதியதுபோல் மறைக்காமல் அனுப்புகிறது. கடிதங்கள் தோட்டக் காரியாலயம் வழியாகவே லயத்துக்கு வந்து சேர்வதை நம் பெற்றோர் அறிவார்கள். தபாலட்டை என்றால் இடையில் உள்ள எவரும் வாசிக்கலாம். கொழும்புக்குப் போகும் கடவுச்சொல்லும் வழியில் பல கருவிகளைக் கடந்தே போகிறது.

1995 இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இப்படித்தான் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதன்பின் அங்கிருந்த டாட்டு யுலோனென், எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். அது உறையிலிட்டு முத்திரை வைத்த கடிதம். அதன் வாசல் இலக்கம் 22.

டெல்நெட் ஆபத்து பழங்கதை அல்ல. 2016 இல் 'மிராய்' என்ற தீநிரல், டெல்நெட் வாசல் திறந்திருந்த கமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் தேடி, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லைக் கொண்டே அவற்றுள் புகுந்தது.

வீட்டு ரவுட்டர் பிறர் கைக்குப் போனால், அதன் வழியே படிக்கும் பிள்ளைகளைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட முடியும். ஆகவே பெற்றோரே, ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். டெல்நெட் வாசல் திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். தோழியரே, கடவுச்சொல்லும் ஓர் அமானிதம். நெருங்கிய சிநேகிதி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.