ஜெனீவாவில் ஐந்து நாற்காலிகள்... ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்களுக்காகப் பேசுவது யார், அவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக ஜூனிலும் டிசம்பரிலும், ஒரு கூட்டம் நடக்கும். பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில். ஐ.நா-வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் நிர்வாகக் குழுவின் கூட்டம் அது. 22 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்ற ஐ.நா அமைப்புகளின் அதிகாரிகள் என்று அரங்கம் நிறைந்திருக்கும். அவர்களோடு இன்னும் ஐந்து இடங்கள் உண்டு. அவை எந்த அரசுக்கும் சொந்தமில்லை.

தொண்டு நிறுவனங்களுக்கும், ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்களின் சங்கங்களுக்குமான இடங்கள் அவை. 1996-ல் யு.என்.எய்ட்ஸ் செயல்படத் தொடங்கியபோதே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. ஐ.நா அமைப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவில் அரசு சாராதவர்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது இங்கேதான் முதல்முறை.

2024 இறுதிக் கணக்குப்படி உலகில் ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்கள் சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் சேர்த்து ஐந்து நாற்காலி. அதில் உட்காருபவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

'நோயாளி' என்று சொல்லாதீர்கள்!

இந்தக் கேள்வியின் வேர் அமெரிக்காவின் டென்வர் நகரில் இருக்கிறது. 1983 ஜூன். ஹெச்.ஐ.வி என்று வைரஸுக்குப் பெயர்கூட வைக்காத காலம். அங்கே நடந்த ஒரு சுகாதார மாநாட்டில், எய்ட்ஸ் பாதித்த சிலர் மேடையேறி ஓர் அறிக்கையை வாசித்தார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்க வேண்டாம். எங்களைப் பற்றி முடிவெடுக்கும் எல்லா மட்டத்திலும், எங்களுக்குச் சேவை செய்யும் அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களிலும் எங்களுக்கு இடம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் கூடிய 42 நாடுகள், இதைக் கொள்கையாக ஏற்றுக் கையெழுத்திட்டன. (40 ஆண்டுகள் கழித்தும் நம் செய்திகளில் 'எய்ட்ஸ் நோயாளி' என்ற தலைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது என்பது வேறு கதை.)

தேர்தல் வைக்க முடியாது. ஏன்?

உலகம் ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்கா, ஆசிய பசிபிக், ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா கரீபியன், வட அமெரிக்கா. நடைமுறையில் மண்டலத்துக்கு இருவர், ஆக மொத்தம் 10 பேர். இடம் காலியாகும்போது பொது அறிவிப்பு வரும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் அமைப்பின் ஆதரவோடும் பரிந்துரைக் கடிதங்களோடும் விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே பொறுப்பில் இருக்கும் பிரதிநிதிகள் விண்ணப்பங்களைச் சலித்து, நேர்காணல் நடத்தி, புதியவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகக் குழு அந்தப் பெயர்களுக்கு ஒப்புதல் தரும். பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். தேவைப்பட்டால் ஓராண்டு நீட்டிப்பு.

'இருப்பவர்களே வரப்போகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதா? ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கலாமே' என்று தோன்றும். நியாயமான சந்தேகம்தான். ஆனால், தேர்தல் என்றால் வாக்காளர் பட்டியல் வேண்டும். ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர்களின் பெயர்களை யார் பட்டியல் போடுவது, யாரிடம் கொடுத்து வைப்பது? இந்தியாவில் ஒருவரின் ஹெச்.ஐ.வி நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ம் ஆண்டின் சட்டமே தடைசெய்கிறது. ரகசியம் காக்கப்பட வேண்டிய கூட்டத்துக்கு, வெளிப்படையான பிரதிநிதியைத் தேட வேண்டும். இந்த முரண்பாடுதான் எல்லாச் சிக்கலுக்கும் அடிப்படை.

விண்ணப்ப முறையில் வேறொரு குறை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர், இணைய வசதி உள்ளவர், கட்டுக்கட்டான ஆவணங்களைப் படிக்க நேரம் உள்ளவர் சுலபமாக முன்னால் வருவார். சிற்றூரில் சங்கம் நடத்தி, மாதாமாதம் மாத்திரை வாங்க மற்றவர்களைக் கைபிடித்து அழைத்துப்போகும் பெண் பின்னால் நின்றுவிடுவார். மேடைக்கு இருவரில் யார் தேவை என்று கேட்டால் எனக்கு இரண்டாமவர்தான் என்று தோன்றுகிறது. ஆனால், வரைவுத் தீர்மானத்தில் ஒரு சொல்லை மாற்ற இரவு 10 மணிக்கு ராஜதந்திரிகளோடு மல்லுக்கட்ட முதலாமவரின் பயிற்சியும் வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், இந்த ஐந்து இடங்களுக்கும் வாக்குரிமை கிடையாது. பேசலாம், வரைவு எழுதும் அறையில் உட்காரலாம், ஆண்டுக்கு ஒருமுறை சொந்த அறிக்கை வைக்கலாம். 2022-ல் அவர்கள் வைத்த அறிக்கை ஒரு முக்கியமான விஷயத்தைப் பேசியது. தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உடலுறவு வழியாக ஹெச்.ஐ.வி பரவாது. இந்த அறிவியல் உண்மை எல்லோரையும் சென்றடைய வேண்டும் என்பதே அதன் வாதம். திருமணம், குழந்தை என்று யோசிக்கும் லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை இதில் இருக்கிறது.

2002-ல் தொடங்கிய குளோபல் ஃபண்ட் இதில் ஒரு படி மேலே. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் நாடுகளுக்கு நிதி தரும் அமைப்பு இது. அதன் வாரியத்தில் வாக்குரிமை கொண்ட 20 இடங்களில் மூன்று, தொண்டு நிறுவனங்களுக்கும் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கும் உரியவை. பணம் கேட்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறது. உள்நாட்டு ஒருங்கிணைப்புக் குழுவில் வரும் அரசு சாராப் பிரதிநிதிகளை அந்தந்தப் பிரிவினரே, வெளிப்படையான முறையில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். 'நம்மாளு ஒருத்தரைப் போட்டுக்கலாம்' என்று அமைச்சகம் முடிவு செய்ய முடியாது.

நியூயார்க்கில் கதை வேறு

நியூயார்க்கில் ஐ.நா பொதுச்சபை எய்ட்ஸ் பற்றி நடத்தும் உயர்மட்டக் கூட்டங்கள் 2001, 2006, 2011, 2016, 2021 ஆண்டுகளில் நடந்தன. இங்கே யாரை உள்ளே விடுவது என்பதில் அரசுகளின் கைதான் ஓங்கும். ஐ.நா-வில் ஏற்கெனவே அங்கீகாரம் பெறாத அமைப்புகளின் பெயர்ப் பட்டியல் உறுப்பு நாடுகளுக்கு அனுப்பப்படும். ஒரு நாடு ஆட்சேபித்தாலே பெயர் நீங்கிவிடலாம்.

2006-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற அமைப்பு, கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைக்கு ஹெச்.ஐ.வி பரவாமல் தடுக்கும் மருந்தைக் கொடு என்று சொந்த அரசின் மீதே வழக்குப்போட்டு, 2002-ல் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் ஜெயித்தது. அன்றைய சுகாதார அமைச்சரோ பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். நியூயார்க் கூட்டத்துக்கு இந்த அமைப்பு வரக் கூடாது என்று அரசு ஆட்சேபம் தெரிவித்தது. எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அதே அமைப்பைச் சேர்ந்த, ஹெச்.ஐ.வி-யுடன் வாழும் கென்சானி மவாசா, அந்தக் கூட்டத்தில் பொதுச்சபை மேடையேறிப் பேசினார்.

எல்லா முறையும் இப்படி நல்லபடி முடிவதில்லை. 2016-ல் 51 இஸ்லாமிய நாடுகளின் சார்பில் எகிப்து எழுதிய கடிதத்தால், தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்களுக்காக இயங்கும் 11 அமைப்புகள் விலக்கப்பட்டன. கடிதத்தில் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் கண்டித்தும் பயன் இல்லை. தொற்றின் அபாயம் அதிகமுள்ளவர்கள் யாரோ, அவர்களுக்கே கதவு அடைபட்டது.

2021-ல் உக்ரைனைச் சேர்ந்த இளம்பெண் யானா பன்ஃபிலோவா தொடக்க நிகழ்ச்சியில் பேசினார். பிறந்தது முதல் ஹெச்.ஐ.வி-யுடன் வாழ்பவர், இளைஞர் அமைப்பு ஒன்றை உருவாக்கியவர். அந்தக் கூட்டத்தின் பிரகடனம் 165 நாடுகள் ஆதரவு, 4 நாடுகள் எதிர்ப்பு என்று நிறைவேறியது. அதில் ஓர் எண்ணைக் கவனியுங்கள். அபாயம் அதிகமுள்ளவர்களுக்கான தடுப்புச் சேவைகளில் 80 சதவிகிதத்தை, அந்தச் சமூகங்களே நடத்தும் அமைப்புகள் வழங்க வேண்டும் என்பது இலக்கு.

தேர்வாகியும் விசா இல்லை!

சரி, தேர்வாகிவிட்டார். விமானம் ஏற முடியுமா? 2012-ல் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு வாஷிங்டனில் நடந்தது. ஹெச்.ஐ.வி உள்ளவர்கள் நுழைய இருந்த தடையை அமெரிக்கா 2010-லேயே நீக்கியிருந்தாலும், பாலியல் தொழிலாளர்களுக்கான விசா தடை தொடர்ந்தது. அவர்கள் நம் கொல்கத்தாவில் தனியாக ஒரு கூட்டத்தைக் கூட்டி, அங்கிருந்தே உலகத்தோடு பேசினார்கள். 2022-ல் கனடாவின் மான்ட்ரியல் மாநாட்டுக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய பலருக்கு விசா மறுக்கப்பட்டது. யு.என்.எய்ட்ஸ் தலைவரான வின்னி பியான்யிமாவே, தன்னை விமானத்தில் ஏற்றுவதற்கே தயங்கினார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். தலைவருக்கே இந்த நிலை!

முகம் காட்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அங்கே மைக் பிடித்த படம், ஊரில் உறவினரின் போனுக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும்? பிள்ளையின் பள்ளி, வாடகை வீடு, தங்கையின் கல்யாணம் எல்லாம் அந்தப் படத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. இந்த விலையை முன்னரே கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி தொற்று 1986-ல் கண்டறியப்பட்டது சென்னையில். 1998-ல் ஹெச்.ஐ.வி-யுடன் வாழும் பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் தொடங்கியதும் இங்கேதான். தன் நிலையை வெளியே சொல்லி அதை முன்னின்று நடத்திய பி.கௌசல்யா போன்றவர்கள், விண்ணப்பம் எதுவும் போடாமலே பிரதிநிதி ஆனவர்கள்.

அந்த ஐந்து நாற்காலிகளே இன்று ஆட்டம் காண்கின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா நிதியை வெட்டியதில் யு.என்.எய்ட்ஸ் கடும் நெருக்கடிக்குள் போனது. 2026 இறுதிக்குள் அந்த அமைப்பையே முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை, 2025 செப்டம்பரில் வெளியான ஐ.நா சீர்திருத்த அறிக்கையில் வந்தது. எய்ட்ஸ் பணியை மற்ற ஐ.நா அமைப்புகள் கவனித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவற்றில் ஒன்று உலக சுகாதார நிறுவனம். அதன் நிர்வாகக் குழுவில் 34 இடங்கள். 34-ம் அரசுகள் அனுப்புபவர்களுக்கு.