சட்டையில் ஒரு பெயர், நியமனக் கடிதத்தில் வேறொரு பெயர்

மாத்தளை மாவட்டத்தில் இடைப்பருவ மழை தொடங்கிவிட்டால் தொலைபேசியும் இணையமும் செயலிழப்பது புதுமையன்று. மாலையில் இடிமுழக்கத்துடன் ஒரு மழை பெய்தால், மறுநாட் காலை ரத்தோட்டையிலோ உக்குவளையிலோ யட்டவத்தையிலோ பல வீடுகளின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். முறைப்பாடு செய்கின்றோம். பின்னர் ஏணி கட்டிய வாகனமொன்றில் இருவர் வந்து இறங்குகின்றனர். அவர்களது மேற்சட்டையில் பெரிய நிறுவனமொன்றின் இலச்சினை உண்டு. தாமதத்துக்காக நாம் கடிந்துகொள்வதும் அவர்களைத்தான். ஆனால் அவ்வாறு வருவோருள் அந்நிறுவனத்தின் நேரடி ஊழியர் அல்லாதோரும் உளர் என்பதை எம்மிற் பலர் அறிந்திருப்பதில்லை.

முதலில் அவர்கள் செய்யும் தொழில் எத்தகையது என்பதைப் பார்ப்போம். செப்புக் கம்பி இணைப்புகளின் காலத்தில் பெருந்தொல்லை ஈரமும் மின்னலுமே. இணைப்புப் பெட்டிக்குள் நீர் புகுந்தால் பேச்சுக்கு இடையே இரைச்சல் கேட்கும். மின்னல் இறங்கினால் கம்பி வழியே வீட்டுக் கருவியும் கருகும். இப்போது பரவிவரும் ஒளியிழை வடத்தில் மின்சாரம் அன்றி ஒளியே செல்வதனால் இத்தொல்லை வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும் வேலை இலகுவாகிவிட்டது எனக் கூறுவதற்கில்லை. தலைமயிர் தடிப்புள்ள கண்ணாடி இழையின் இரு முனைகளையும் நேராக வெட்டி, துடைத்து, உருக்கி ஒட்டும் இயந்திரத்தில் வைத்துப் பொருத்த வேண்டும். ஒரு துகள் தூசு இருந்தாலும் ஒளி இழப்பு ஏற்படும். இந்த நுண்ணிய வேலையைக் குளிரூட்டிய அறையில் இருந்து செய்வதில்லை. வீதியோரத்திலோ தேயிலை மலைச் சரிவிலோ, தூறலுக்குக் குடை பிடித்தபடி செய்கின்றனர்.

மாத்தளையின் நில அமைப்பும் இவர்களுக்குச் சாதகமானதன்று. ஏ-9 வீதியை ஒட்டிய நாவுல, தம்புள்ளைப் பகுதிகள் ஓரளவு சமதரை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடிப்புகளில் அமைந்த எல்கடுவ, கம்மடுவ, லக்கல ஆகிய இடங்களிலோ ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஓர் ஓடை, ஒரு பள்ளம், ஒரு காடு இருக்கும். கம்பத்தில் ஏறுமுன் குளவிக்கூடு உண்டா எனப் பார்க்க வேண்டும். மின்கம்பி எவ்வளவு அருகிற் செல்கின்றது எனக் கணக்கிட வேண்டும். வில்கமுவ, கலேவெல பக்கங்களில் மாலையாகிவிட்டால் யானைப் பயம். வடத்தில் தொங்கி விளையாடும் குரங்குகளைப் பற்றி இம்மாவட்டத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கி வீதிகளும் தொடர்புகளும் அறுந்தபோது, உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்பதை அறிவதற்கே வடங்கள் மீண்டும் பொருத்தப்படும்வரை காத்திருந்தோர் பலர். அத்தகைய வேளைகளில் மண்சரிவுப் பாதையில் வடச்சுருளைச் சுமந்து செல்பவர்களும் இத்தொழிலாளர்களே.

இனி, இவர்களது எசமானர் யார் என்னும் கேள்விக்கு வருவோம். அரச திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்புச் சேவை 1991 இல் கூட்டுத்தாபனமாகவும் 1996 இல் ஸ்ரீலங்கா ரெலிக்கொம் என்னும் கம்பனியாகவும் மாற்றப்பட்டது. 1997 இல் அதன் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ஊழியர்களுக்கும் 3.5 சதவீதப் பங்கு வழங்கப்பட்டது. 2008 இல் ஜப்பானியர் விலகி மலேசிய முதலீட்டாளர் உள்ளே வந்தனர். தொலைபேசி இணைப்பொன்றுக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த தலைமுறையினர் இம்மாற்றங்களினால் விளைந்த நன்மையை மறுக்கமாட்டார்கள். மறுக்கவும் கூடாது.

ஆனால் பங்கு பெற்ற அந்த நிரந்தர ஊழியர் பரம்பரைக்குப் பின்னர் வந்தவர்களின் கதை வேறு. கம்பனியின் துணை நிறுவனமாக மனிதவலு வழங்கும் நிறுவனமொன்று இயங்கியது. முன்னர் எஸ்.எல்.ரி. மேன்பவர் சொலூஷன்ஸ் என்றும் பின்னர் ஹியூமன் கெப்பிட்டல் சொலூஷன்ஸ் என்றும் அது அழைக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் பலருக்கு நியமனக் கடிதம் வழங்கியது இந்நிறுவனமே. வேலையோ தாய்க் கம்பனியின் கம்பங்களிலும் பரிவர்த்தனை நிலையங்களிலும். இதனைவிட, வீடுகளுக்கு இணைப்பு வழங்கும் வேலை சிறு ஒப்பந்தகாரர்களிடமும் விடப்படுகின்றது. இவ்வாறு ஒரே கம்பத்தின் அடியில் நிற்கும் மூவர் மூன்று வெவ்வேறு எசமானர்களின் கீழ் இருக்கக்கூடும்.

2016 டிசம்பர் இறுதியில் இம்மனிதவலு ஊழியர்கள் நிரந்தர நியமனம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆண்டுக்கணக்கிற் செய்துவரும் வேலை தற்காலிக வேலையாக எவ்வாறு இருக்க முடியும் என்பதே அவர்களது கேள்வி. போராட்டம் பல வாரங்கள் நீடித்தது. அந்நாட்களில் பழுதுபார்ப்புத் தாமதங்களைப் பற்றிப் பேசிய எம்மவர், அதன் காரணத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கம்பனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் கூறப்படுகின்றது. செப்புக் கம்பியை அகற்றி ஒளியிழை பதிக்கும் வேலை சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதற்கென ஆயிரக்கணக்கானோரை ஓய்வு வயதுவரை வைத்திருக்க இயலாது என்பதே அது. வடம் பதிப்பதைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் பதித்த வடத்தைப் பராமரிப்பது முடிவடையும் வேலையன்று. மழையும் மரக்கிளையும் உள்ளவரை அது தொடரும். இரண்டையும் ஒரே தராசில் இட்டு எல்லோரையும் தற்காலிகமாக வைத்திருப்பதை ஏற்பதற்கில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியர் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். தற்காலிக ஊழியருக்கும், வேலைக் கணக்கிற் சம்பளம் பெறுபவருக்கும் கூட இது உரியது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் ஐந்தாண்டு சேவை முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை வழங்க 1983 ஆம் ஆண்டின் சட்டம் வகை செய்கின்றது. பணிநீக்கம் தொடர்பான 1971 ஆம் ஆண்டின் சட்டமும் பதினைந்து பேர் என்னும் எல்லையையே வைத்துள்ளது. நான்கைந்து பேரை வைத்து வேலை செய்யும் சிறு ஒப்பந்தகாரரிடம் பணிபுரிபவர் இந்தப் பாதுகாப்புகளுக்கு வெளியே நிற்பது இதனாலேயே. ஒப்பந்தம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறும்போது சேவைக்காலமும் முதலிலிருந்து எண்ணப்படுமாயின், பத்தாண்டு உழைத்தவரும் ஐந்தாண்டு நிறைவு செய்யாதவராகிவிடுவார்.

ஒப்பந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த இந்தியா 1970 இலேயே தனிச்சட்டம் இயற்றியது. ஒப்பந்தகாரர் சம்பளம் வழங்கத் தவறினால் வேலையைப் பெற்ற மூல நிறுவனமே அதனை வழங்க வேண்டும் என அது விதித்தது. அச்சட்டம் அங்கு முழுமையாக நடைமுறைக்கு வந்தது என எவரும் சொல்லமாட்டார். எனினும் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. எமது நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இயற்றப்படவில்லை.

இது வறிய நாடுகளின் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்காவில் கொம்காஸ்ட் முதலிய பெரும் கேபிள் நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த எஃப்.ரி.எஸ். என்னும் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஊழியர் ஏறக்குறைய 300 பேர் வழக்குத் தொடர்ந்தனர். அவர்களுக்கு நேரத்துக்கன்றி, முடித்த வேலைக்கே கூலி. உண்மையில் உழைத்த மணித்தியாலங்களைக் குறைத்துப் பதியும்படி மேலாளர்கள் வற்புறுத்தினர் என்பது முறைப்பாடு. ஜூரிகள் ஊழியர் பக்கமே தீர்ப்பளித்தனர். நிறுவனத்தின் பொறுப்பை 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. வேலைக் கணக்கிற் கூலி என்றால் ஏணியை ஒழுங்காகக் கட்டும் பத்து நிமிடத்துக்கும், மழை விடும்வரை காத்திருக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் கூலி இல்லை என்பதே பொருள். அவசரம் அங்கேதான் பிறக்கின்றது. விபத்தும் அப்படியே.

தோட்டப்புறங்களிலிருந்தும், மாத்தளை நகரம், வரக்காமுறை, கலேவெல போன்ற இடங்களின் முஸ்லிம் குடும்பங்களிலிருந்தும் சாதாரண தரம், உயர் தரம் முடித்து வெளிவரும் பிள்ளைகளுக்கு இத்தொழில் நல்லதொரு வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. தமிழ் பேசும் வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் தமிழில் விளக்கக்கூடிய தொழில்நுட்பவியலாளர் இருப்பது இரு தரப்புக்கும் பயன் தரும். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றவர் பின்னர் வேறு நிறுவனத்திலோ மத்திய கிழக்கிலோ தொழில் தேடுவதும் எளிதாகும்.

ஆயினும் கையொப்பமிடுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். நியமனக் கடிதம் யாருடைய பெயரில் உள்ளது? சேமலாப நிதி இலக்கம் எப்போது வழங்கப்படும்? பாதுகாப்புப் பட்டியும் தலைக்கவசமும் நிறுவனம் தருமா, சம்பளத்திற் கழிக்கப்படுமா? விபத்து நேர்ந்தால் எவரிடம் அறிவிப்பது? ஒப்பந்தகாரர் மாறினால் பழைய சேவைக்காலம் என்னவாகும்? பெற்றோர் மாப்பிள்ளை பார்க்கும்போது இதைவிட அதிகமான கேள்விகளைக் கேட்கின்றனர். பதில்களை எழுத்திற் பெறுவது நல்லது. சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாது சேர்த்து வைக்க வேண்டும். சேமலாப நிதிப் பணம் கழிக்கப்பட்டும் கணக்கிற் சேரவில்லை எனத் தெரியவந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அப்போது கையில் இருக்க வேண்டிய சான்று அச்சீட்டுகளே.