வைப்பு நிதி: ஹெப்பகோடி எழுப்பிய கேள்வி

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் உள்ளது ஹெப்பகோடி. 2016 ஏப்ரல் 19-ஆம் தேதி அங்குள்ள காவல் நிலையம் கல்வீச்சுக்கு உள்ளானது, வாகனங்கள் எரிக்கப்பட்டன. முந்தைய நாள் தொடங்கிய ஆயத்த ஆடைத் தொழிலாளர்களின் போராட்டம் இவ்வாறு முற்றியது. வீதிக்கு வந்தவர்களில் பெண்களே மிகுதி. அவர்கள் கேட்டது ஊதிய உயர்வு அல்ல.

வேலையிழந்து இரு மாதங்கள் கடந்தால் வருங்கால வைப்பு நிதி முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதுவரை இருந்த நடைமுறை. நிறுவனம் செலுத்திய பங்கை 58 வயதில்தான் பெற முடியும் என 2016 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. முதுமைக்கான சேமிப்பு முதுமை வரை இருக்கட்டும் என்பது தில்லியின் கணக்கு. ஆனால், ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்து ஆலை ஆள்குறைப்பு செய்தால், அடுத்த வேலை கிடைக்கும் வரை வீட்டு வாடகைக்குத் தையல் தொழிலாளியிடம் வேறு பணம் ஏது? 58 வயது வரை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர்தான் எத்தனை பேர்?

அன்றே அறிவிக்கை திரும்பப் பெறப்படுவதாக அப்போதைய தொழிலாளர் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அறிவித்தார்.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. வேலையிழந்தோர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், முழுத் தொகையையும் பெற 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் தில்லியில் முடிவெடுத்தது. முக்கால் பங்கு உடனே கைக்கு வருவது ஆறுதல்தான். எஞ்சிய கால் பங்குக்கு முன்பு இரு மாதக் காத்திருப்பு போதுமானதாக இருந்தது.