சைக்கிளுக்குக் கார்பன் இருக்கைத் தண்டு

பேராக் தோட்டங்களில் பால் வாளி சுமந்த இரும்புச் சைக்கிளுக்குக் கிரீஸ் தடவி, இருக்கைத் தண்டை இறுக முடுக்கினால் போதும். ஈப்போ கடையில் பிள்ளைகள் கேட்கும் கார்பன் தண்டுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. இரும்பு வளைந்து எச்சரிக்கும். கார்பனோ திடீரென ஒடியும்.

பழைய தண்டில் பொறித்துள்ள அளவைப் பாருங்கள். 27.2 மில்லிமீட்டர் என்றால் அதேதான் வேண்டும், 27 உதவாது. தகரம் சுற்றி ஒப்பேற்றுவது ஆபத்து.

குழாய்க்குள் பிசிறு இருந்தால் தேய்த்துத் துடையுங்கள். கிரீஸ் பூசினால் தண்டு வழுக்கி இறங்கும். இறங்குகிறதே என்று மேலும் முடுக்குவோம். அங்கேதான் அது நசுங்கும். ஆகவே, நுண்மணல்போல் துகள் கலந்த கார்பன் பசையைப் பூசுங்கள். தண்டின் எல்லைக்கோடு குழாய்க்குள் மறைய வேண்டும். முடுக்கும் விசை பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான். அச்சிட்டுள்ள எண்ணை மீறாதீர்கள். விசையைக் காட்டும் ஸ்பேனர் இல்லையென்றால் கடைக்காரரிடமே கொடுங்கள், கைக்கணக்கு வேண்டாம்.